பதினொரு மாடும் 28 இலட்சமும்

வாசகர் கடிதம்:

"ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் புத்தூர்ப் பக்கம் இருக்கிறோம். கலப்பினப் பசுக்கள் ஏழு, கன்றும் நாகுமாக நான்கு நிற்கின்றன. நாளுக்கு 45 லீற்றர் அளவில் பால் வரும். 20 லீற்றர் சங்கத்துக்கு ஊற்றுவேன். மிச்சத்தை வீட்டில் காய்ச்சித் தயிர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாடுகள் காலை பத்து மணிக்கு மேய்ச்சல் தரவைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பிவிடும். கொட்டிலுக்கு இன்னும் சீமெந்து போடவில்லை. வீட்டில் ஐந்து பேர். காஸ் சிலிண்டர் ஒன்று 25 நாள் வரும். பால் காய்ச்சுகிற விறகுக்கு மாதம் 5,000 ரூபாய் முடிகிறது. சாணகத்தைக் குவித்து வைத்து ஆண்டுக்கு ஐந்து உழவு இயந்திர லோட் விற்போம், லோட் 10,000 ரூபாய். வீட்டோடு ஆறு பரப்புத் தோட்டக்காணி இருக்கிறது.

கனடாவில் இருக்கிற அண்ணா 30 இலட்சம் வரை தாறன், சாணகத்தில் கறன்ற் எடுத்து மின்சார சபைக்கு வில் என்கிறார். இங்கே ஒருவர் வந்து பார்த்து 5 கிலோவாற் ஜெனரேற்றரோடு 28 இலட்சம் என்று எஸ்டிமேற் தந்திருக்கிறார். நாலு வருசத்தில் போட்ட முதல் திரும்புமாம். பக்கத்து வளவில் 2,000 முட்டைக்கோழி வளர்க்கிறார்கள், அந்த எருவையும் சேர்க்கலாமாம். என் வீட்டுக்காரருக்கு இதில் மனமே இல்லை. செய்யலாமா?"

பதில்:

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. 28 இலட்சத்தை அந்த எஸ்டிமேற்றில் போடாதீர்கள். அதற்காக சாணக வாயுவே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டில் நாளாந்தம் 25 லீற்றர் பால் கொதிக்கிறது. அந்த அடுப்புத்தான் என்னை யோசிக்க வைக்கிறது, ஜெனரேற்றர் இல்லை.

எஸ்டிமேற் தந்தவர் கொட்டிலில் எத்தனை மாடு என்று எண்ணியிருப்பார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சாணகம் கைக்கு வருகிறது என்று நிறுத்துப் பார்த்தாரா? கலப்பினப் பசு ஒன்று 24 மணித்தியாலத்தில் 15 கிலோ அளவில் போடும். அதில் தரவையில் விழுவது தரவைக்குத்தான். உங்கள் மாடுகள் கொட்டிலில் நிற்கிற நேரத்துக்குப் பசுவுக்கு 11 கிலோ என்று வைப்போம். ஏழு பசுவுக்கு 77. கன்று, நாகு நான்குக்கும் சேர்த்து 12, 13. ஆக 90 கிலோ. ஒரு கிலோ ஈரச் சாணகம் எங்கள் சூட்டில் 35 லீற்றர் அளவு வாயு தரும். 90 கிலோவுக்கு 3 கன மீற்றருக்குச் சற்று மேல். வடிவாகப் பராமரித்தால் கிடைக்கக்கூடிய அளவு இது. மழை நாளில் குறையும்.

இந்த 3 கன மீற்றரை ஜெனரேற்றருக்குள் விட்டால் என்ன வரும்? பெற்றோல் எஞ்சினை மாற்றிச் செய்த சின்ன ஜெனரேற்றர் ஒரு கன மீற்றருக்கு 1.3 யூனிற் தந்தால் பெரிய காரியம். வாயுவில் உள்ள சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் எஞ்சின் சூட்டிலும் புகையிலும் போய்விடும். ஆக முழுநாள் சாணகத்துக்கும் 4 யூனிற். 5 கிலோவாற் ஜெனரேற்றரை முழுச் சுமையில் ஓட்டினால் ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னே வாயு முடிந்துவிடும். மிச்ச 23 மணித்தியாலமும் அது சும்மா நிற்கும். யூனிற்றுக்கு 40 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 160, ஆண்டுக்கு 58,000 ரூபாய். 28 இலட்சத்தை அதால் பிரித்தால் 48 வருடம். இடையில் எஞ்சின் எத்தனை தரம் மாற்ற வேண்டும் என்பது தனிக் கணக்கு. சாணக வாயுவில் இருக்கிற ஐதரசன் சல்பைட் எஞ்சின் எண்ணெயையும் செம்பு உதிரிகளையும் அரித்துவிடும்.

அதே 4 யூனிற்றை யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு கிலோவாற் சோலர்த் தகடு தந்துவிடும். கடகம் தூக்கவும் வேண்டாம், சாணகம் கரைக்கவும் வேண்டாம். அண்ணாவுக்குக் கறன்ற்தான் ஆசை என்றால் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுப்பில் எரித்தால் கதை வேறு. ஒரு கன மீற்றர் சாணக வாயு அடுப்பில் 0.45 கிலோ காசுக்கு ஈடு. 12.5 கிலோ சிலிண்டரை விலை ஏற்ற இறக்கம் பாராமல் 4,000 ரூபாய் என்று பிடித்தால், காஸ் கிலோ 320 ரூபாய். அப்படியென்றால் ஒரு கன மீற்றர் வாயு அடுப்பில் 144 ரூபாய், ஜெனரேற்றரில் 52 ரூபாய். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சாணகத்திலிருந்து சக்தி என்று யார் கதைத்தாலும் நான் முதலில் கேட்பது, "உங்களுக்குச் சூடு வேணுமோ, கறன்ற் வேணுமோ" என்பதுதான். சூடு வேண்டியவருக்கு அதை அந்த இடத்திலேயே கொடுக்க முடிந்தால் மட்டும் இது கட்டுப்படியாகும். நூறு, இருநூறு மாட்டை முழுநாளும் கொட்டிலில் கட்டிவைத்து, பால் குளிரூட்டிக்குச் சொந்தமாகவே நிறையக் கறன்ற் இழுக்கிற பண்ணைக்கு ஜெனரேற்றர் பொருந்தலாம். எங்கள் குடாநாட்டில் அப்படியான பண்ணை எத்தனை?

இனி எனக்குப் பிடிக்காத ஒரு சொல்லைப் பற்றி. கருத்தரங்குகளில் "கால்நடைக் கழிவு" என்பார்கள். வலிகாமத்தில் தோட்டம் செய்கிற யாரிடமாவது போய் சாணகத்தைக் கழிவு என்று சொல்லிப் பாருங்கள். வன்னியிலிருந்து லொறியில் எரு ஏற்றி வந்து செம்மண்ணில் கொட்டுகிற ஊர் இது. சாணகத்துக்கு இங்கே விலை உண்டு, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஐந்து லோட், 50,000 ரூபாய். எஸ்டிமேற் தந்தவர் உங்கள் சாணகத்தைச் சும்மா கிடைக்கிற பொருளாக எழுதிவிட்டார். அதில்தான் கணக்கு சறுக்குகிறது. வாயு எடுத்த பிறகு வருகிற கரைசலை நீங்கள் பாவிக்கவோ விற்கவோ முடியாமல் போனால், அந்த 50,000 ரூபாயும் உங்கள் செலவுப் பக்கம் ஏறும்.

ஆகவே மாடு தருகிற அளவுக்குச் சாணகத்தைப் புளிக்க வைத்து வாயு எடுக்கிற கிடங்கு கட்டாதீர்கள். அடுப்பு கேட்கிற அளவுக்குக் கட்டுங்கள். சிலிண்டர் 25 நாள் வருகிறதென்றால் நாளுக்கு அரைக் கிலோ காஸ். அதற்கு 1.1 கன மீற்றர் வாயு வேண்டும். 25 லீற்றர் பாலைக் கொதிக்க வைத்துச் சற்றுச் சுண்ட விட 0.8. பால் வாளி கழுவ, மடி துடைக்கச் சுடுதண்ணீருக்கு 0.2. மொத்தம் 2.1 கன மீற்றர். அதற்கு 60 கிலோ சாணகம் காணும். மிச்ச 30 கிலோவை வழமைபோலக் குவியுங்கள், விற்கலாம்.

60 கிலோ சாணகத்துக்கு 60 லீற்றர் தண்ணீர். நாளுக்கு 120 லீற்றர் கரைசல் உள்ளே போகும். எங்கள் சூட்டில் அது 45 நாள் உள்ளே இருந்தால் போதும். ஆக 5,400 லீற்றருக்கு இடம், மேலே வாயு தங்க இடம், எல்லாம் சேர்த்து 8 கன மீற்றர்க் கிடங்கு. நிலத்துக்குக் கீழே கல்லால் கட்டி மேலே குவிமாடம் வைக்கிற சீன முறை உங்களுக்குப் போதும். இந்தியாவில் பரவிய மிதக்கும் இரும்பு மூடி முறையில் எவ்வளவு வாயு இருக்கிறதென்று மூடியின் உயரத்தைப் பார்த்தே சொல்லலாம், வசதிதான். ஆனால் எங்கள் உப்புக் காற்றுக்கு அந்த இரும்பு எத்தனை வருடம் தாங்கும்? வைக்கோலைத் தொகுதியாகப் போட்டு வாயு எடுக்கிற முறை ஒன்றை எங்கள் நாட்டின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் செய்தது. அது வயல்காரருக்குப் பொருந்தும், உங்களுக்கு வேண்டாம்.

இப்போது காசு. 8 கன மீற்றர்க் கிடங்கு, குழாய், அடுப்பு எல்லாம் 5 இலட்சம் என்று வைக்கிறேன். உங்கள் ஊர் மேசனிடம் கேட்டு அந்த இலக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சிலிண்டர் 14, 15 மிஞ்சும், அது 58,000. விறகு 60,000. ஆனால் வாயு 365 நாளும் சரியாக வராது. மார்கழி, தையில் குளிரும், கலியாண வீட்டுக்குப் போனால் கரைக்க ஆளிருக்காது. எண்பது வீதம் என்று எடுத்தால் 95,000. பழுது, குழாய், வடி மாற்ற 12,000 கழித்தால் 83,000. இனி விற்காமல் போகிற எரு. மூன்றில் இரண்டு பங்கு சாணகம் கிடங்குக்குப் போகிறது, அதனால் 33,000 வருமானம் குறைகிறது. மிஞ்சுவது 50,000. முதல் திரும்பப் பத்து வருடம். வங்கியில் நிலையான வைப்பில் போட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார், சொல்லட்டும்.

அந்த 33,000 ரூபாயைக் கரைசல் திருப்பித் தந்தால் ஆறு வருடம். பத்தையும் ஆறையும் பிரிப்பது வாயு இல்லை, கரைசல். யாழ்ப்பாணத்தில் சாணக வாயு கட்டினவர்கள் பலர் வாயுவில்தான் கண் வைத்தார்கள். வெளித் தொட்டி நிரம்பி ஒழுங்கைக்கு வழியத் தொடங்கின பிறகுதான் கரைசலை நினைத்தார்கள்.

கிடங்கில் நடப்பது இதுதான். நுண்ணுயிர்கள் சாணகத்தில் இருக்கிற கரிமத்தை மீதேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். தழைச்சத்தில், அதாவது நைதரசனில், கை வைக்காது. 60 கிலோ சாணகத்தில் கால் கிலோ அளவு தழைச்சத்து இருக்கும். ஆண்டுக்கு 88 கிலோ, நான்கு பை யூரியாவுக்குச் சற்றுக் குறைவு. குவியலில் போட்டால் வெயிலிலும் மழையிலும் அதில் பெரிய பங்கு ஆவியாகவும் வழிந்தும் போய்விடும். கரைசலாக உடனே மண்ணில் விட்டால் அது மிஞ்சும், பயிருக்கும் சீக்கிரம் கிடைக்கும். 2021 இல் ஓர் இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது இந்த நான்கு பையின் பெறுமதி என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அளவு தெரிய வேண்டும். நன்றாக வளர்கிற கோ-3 என்கிற மாட்டுத் தீவனப் புல் ஒரு பரப்பில் ஆண்டுக்கு 9 கிலோ தழைச்சத்தை வசதியாக எடுக்கும். உங்கள் ஆறு பரப்பிலும் புல் நட்டாலும் 54 கிலோ. வருவதோ 88. மிச்சத்தையும் "நல்லதுதானே" என்று அதே காணியில் ஊற்றினால் அது புல்லுக்குப் போகாது, நைத்திரேற்றாகக் கீழே இறங்கி உங்கள் கிணற்றுக்குப் போகும். எங்கள் காலுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றினதைக் கீழே வடிகட்டாமல் விட்டுவிடுகிற கல். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது என்று 1980களிலேயே ஆய்வு செய்தவர்கள் எழுதிவிட்டார்கள். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பால்மா கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தைக்கு அதுதான் முதலில் ஆபத்து.

மிச்ச 34 கிலோவுக்கு வழி இருக்கிறது. பக்கத்தில் வாழைத் தோட்டம் இருந்தால் அவர்களுக்குக் குழாயில் விடுங்கள், முதல் ஆறு மாதம் சும்மா கொடுங்கள். ஏழாம் மாதம் அவர்களே காசு கொடுத்து வாங்க வருவார்கள். இல்லையென்றால் வைக்கோல் மிச்சம், பூவரசம் சருகு, தும்புத்தூள் எல்லாவற்றையும் நிழலில் அடுக்கி, அதன்மேல் கரைசலை ஊற்றி ஊற வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மக்கி, கையில் பிடித்தால் உதிர்கிற எருவாகிவிடும். பையில் கட்டி விற்கலாம், பூந்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் வாங்குவார்கள். கரைசலை வெயிலில் தட்டிக் காய வைத்து விற்கிற யோசனை வேண்டாம். காய்கிறபோது நல்ல சத்துத்தான் அமோனியாவாக முதலில் பறக்கும்.

கொட்டிலின் தரையைப் பற்றி எஸ்டிமேற்றில் ஒரு வரியாவது இருக்கிறதா? மண்தரையில் அள்ளுகிற சாணகத்தில் மண் சேர்ந்து வரும். ஒரு வாளிச் சாணகத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து அரை மணித்தியாலம் வைத்து, பிறகு மெதுவாக ஊற்றிப் பாருங்கள். அடியில் இரண்டு கைப்பிடி செம்மண் கிடக்கும். நாளுக்கு ஒரு கிலோ மண் என்றாலும் ஆண்டுக்கு 365 கிலோ கிடங்கின் அடியில் போய்ப் படியும். வாயு குறையும், மூன்றாம் நாலாம் வருடம் கிடங்கைத் திறந்து மண்ணை எடுக்க வேண்டி வரும். நான் போய்ப் பார்த்த கைவிடப்பட்ட கிடங்குகளில் கனக்கச் செத்தது இதால்தான். முதலில் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை, சற்றுச் சரிவு, நடுவில் ஓடை. அந்தச் செலவை நான் வாயுக் கணக்கில் சேர்க்கவில்லை, அது மாட்டுக்குச் செய்கிற செலவு. மடிவீக்கம் குறைந்தாலே அது திரும்பும். மூத்திரமும் கழுவுகிற தண்ணீரும் அந்த ஓடையால் கலக்குகிற தொட்டிக்கே வந்துவிடும். ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்கினாலும் 60 லீற்றருக்காகத் தண்ணீர் அள்ள வேண்டி வராது. உப்புத் தண்ணீரைக் கரைக்கப் பாவிக்க வேண்டாம்.

இனி நிலம். புத்தூரில் அலவாங்கு இரண்டு அடி இறங்கினதும் கல்லில் முட்டுகிற இடங்கள் உண்டு, ஆழமாகச் செம்மண் இருக்கிற இடங்களும் உண்டு. மேசனோடு கூலி பேசுமுன் இரண்டு மூன்று இடத்தில் குழி போட்டுப் பாருங்கள். கல் உடைக்கிற கூலி சில வேளை கிடங்குக் கூலியை விழுங்கிவிடும். கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளிப் போங்கள். கட்டி முடிந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்கவில்லை என்று கோடு கீறிப் பார்த்த பிறகே மேசனுக்குக் கடைசிக் காசைக் கொடுங்கள். குவிமாடத்தின் உட்பக்கப் பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு அதால் போய்விடும், கண்ணுக்கும் தெரியாது.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் பைபர் தொட்டி வைத்துக் கிடங்கு அமைத்தேன். கட்டி முடிக்க ஐப்பசி முடிந்துவிட்டது. சாணகம் நிரப்ப ஒரு கிழமை தவணை சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கிழமை மழை பிடித்தது. நான்காம் நாள் வீட்டுக்காரர் கூப்பிட்டார், "தம்பி, உம்மட தொட்டி எழும்பி வந்திட்டுது" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். நிலத்தடித் தண்ணீர் ஏறி, வெறும் தொட்டியைத் தோணி மாதிரித் தூக்கி, பக்கத்து மதிலில் சாய்த்து வைத்திருந்தது. குழாய் எல்லாம் பிய்ந்து தொங்கியது. எங்கள் ஊரில் மாரியில் கிணறு வாய்வரை வருமென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரைபடம் கீறின எனக்குத் தோன்றவில்லை. ஆகவே கிடங்கு வேலை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில். ஐப்பசிக்கு முன் உள்ளே நிரம்பியிருக்க வேண்டும். முதல் நிரப்பலுக்கே 2,700 கிலோ ஈரச் சாணகம் வேண்டும், உங்கள் கொட்டிலில் ஒரு மாதச் சேகரிப்பு. அதையும் கணக்கில் வைத்து நாள் பாருங்கள்.

"இவ்வளவு நல்லதென்றால் சண்டைக் காலத்தில் ஏன் எங்கட ஆக்கள் செய்யேல்லை" என்று என் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கறன்ற் இல்லை, மண்ணெண்ணெய்க்கு நெருப்பு விலை. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தோம். மோட்டார் சைக்கிளைப் பெற்றோல் துளியில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். வாயுவுக்குத் தேவை இருந்தது, சாணகமும் இருந்தது. கிடங்கு கட்டச் சீமெந்து இல்லை. சீமெந்தும் இரும்பும் தடைப் பட்டியலில் இருந்தன. பிறகு 2022 இல் சிலிண்டருக்கு விடியப்புறம் வரிசையில் நின்றபோது ஆட்கள் அவசரமாகக் கட்டினார்கள். காஸ் திரும்ப வந்ததும் கரைக்கிற வேலை சலித்துப் போய் சிலர் விட்டுவிட்டார்கள். விடாதவர்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள்தான், தோசைமா, தயிர், பலகாரம் என்று அடுப்பில் தொழில் வைத்திருக்கிறவர்கள். அந்த வரிசையில் நின்ற நாட்களின் தயிர் வியாபாரத்தை எந்த வரியில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மேலே உள்ள கணக்கில் அது இல்லை. நீங்கள் உங்கள் பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோழி எருவுக்கு வருவோம். கிலோவுக்குக் கிலோ அது மாட்டுச் சாணகத்தைவிடக் கூட வாயு தரும், அதில் பொய்யில்லை. ஆனால் தழைச்சத்து மிகக் கூட. உள்ளே அமோனியா ஏறினால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், வாயு நிற்கும். முட்டைக்கோழிக்குப் போடுகிற சிப்பித்தூள் அடியில் படியும். உமியோ மரத்தூளோ பரப்பி வளர்க்கிறார்கள் என்றால் அது உள்ளே செரிக்காது, மேலே ஆடையாக மிதக்கும். கூட்டில் வளர்த்து எரு தனியாக விழுகிறதென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். முதல் ஆறு மாதம் சேர்க்கவே வேண்டாம். உங்களுக்கு வாயு குறைவில்லையே.

நாளாந்தப் புழக்கத்துக்கு இரண்டொரு விடயம். காஸ் அடுப்பை அப்படியே கொளுவினால் எரியாது, ஊசித்துளை பெரிதான தனி அடுப்பு வேண்டும். முதல் சில நாள் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, பற்றாது. அதைத் திறந்து விட்டுவிடுங்கள், பழுதென்று மேசனைத் திட்டாதீர்கள். அழுகிய முட்டை மணம் வந்தால் குழாய் எங்கேயோ கசிகிறது, சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்க வேண்டாம். குழாயில் ஓரிடத்தில் இரும்புத்தூள் நிரப்பிய வடி வைத்தால் அந்த மணமும் அரிப்பும் குறையும். மாட்டுக்கு அன்ரிபயோற்றிக் ஊசி போட்ட நாட்களில் அதன் சாணகம் கிடங்குக்குப் போகக் கூடாது. கொட்டிலை டெற்றோல், புளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் அந்தத் தண்ணீரும் கூடாது. கிடங்குக்குள் எந்தக் காரணத்துக்கும் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒக்சிசன் இருக்காது, முதலாவது ஆளைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் ஏறி வரமாட்டார்.

அண்ணாவுக்கு என்ன பதில் சொல்வது? 30 இலட்சத்தை ஒரேயடியாக அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் கொட்டில் தரைக்கு. அடுத்தது மூன்று பரப்பில் புல் நட. வரும் வைகாசியில் கிடங்கு. மூன்றும் சேர்ந்து அவர் சொன்ன தொகையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள், எங்கேயோ பிழை. புல் சரியாக வந்து மாட்டைத் தரவைக்கு விடாமல் கட்டி வளர்க்கிற நிலை வந்தால் சாணகமும் கூடும், அப்போது இன்னொரு கணக்குப் போடலாம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. தூக்குத் தராசு ஒன்று வாங்கிக் கொட்டிலில் தொங்க விடுங்கள். இரண்டு கிழமைக்குக் காலையும் மாலையும் அள்ளுகிற சாணகத்தைக் கடகத்தோடு நிறுத்து, கடகத்தின் நிறையைக் கழித்துப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் அன்றைக்கு எரித்த விறகையும் நிறுத்து எழுதுங்கள். போன மாரியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எந்தக் கல்வரை வந்ததென்று மாமியைக் கேட்டால் சரியாகச் சொல்லுவா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பியை உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள், மானியம் ஏதும் நடைமுறையில் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 60 கிலோ என்று நான் போட்டது 45 ஆக இறங்கினால் கிடங்கையும் சின்னதாக்க வேண்டும், வரைபடத்தை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.